ஆறு கணினிக்கு எந்த விண்டோஸ்? நல்லூர்க் கணக்கியல் அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. நல்லூர்க் கோயிலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு கணக்கியல் அலுவலகத்தில், உரிமையாளரின் மடிக்கணினி விண்டோஸுக்குள் போகாமல் நீலத் திரையில் நின்றது. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. முதல்நாள் இரவு அந்தக் கணினிக்கு ஒரு ஃபேர்ம்வெயார் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு வந்திருந்தது. அவர் எந்தச் சாவியையும் எங்கும் வைத்ததில்லை. தன் கணினியின் வட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது, அதாவது சாவியின்றி வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிய வந்தது.

என்னை அழைத்தது அப்போதுதான். அலுவலகத்தில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பங்காளி இருக்கிறார். கணினிகள் ஆறு. கடைகள், சிறு கொம்பனிகள், சில வைத்தியர்கள் ஆகியோரின் வருமான வரி, பெறுமதி சேர் வரி, ஊழியர் சேமலாப நிதிக் கணக்குகள் எல்லாம் அந்த ஆறிலும்தான் இருக்கின்றன. மற்றவர்களின் தேசிய அடையாள அட்டை இலக்கம், சம்பளம், வங்கிக் கணக்கு என்று வெளியே போகக்கூடாத விபரங்கள் நிறைந்த இடம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி உரிமையாளர் அறிந்திருந்தார். அதனால் மறைகுறியாக்கம் தேவையில்லை என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: பூட்டு என்னுடையது என்றால் சாவி ஏன் என்னிடம் இல்லை?

சாவி யாரிடம் இருந்தது

அந்த மடிக்கணினி அந்த ஆண்டு சனவரியில் வாங்கப்பட்டது. விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், 24எச்2 வெளியீடு. முதன்முதலில் அதைத் திறந்து அமைத்துக் கொடுத்தவர் விற்ற கடையில் அப்போது வேலை செய்த இளைஞர். ஹோம் பதிப்பு தொடக்க அமைப்பில் இணைய இணைப்பையும் மைக்ரோசொஃப்ட் கணக்கையும் கேட்கும். வாடிக்கையாளர் அருகில் இல்லாததால் அவர் தன் சொந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார். பிறகு உரிமையாளருக்கு ஒரு உள்ளூர்ப் பயனர் கணக்கை உருவாக்கிக் கொடுத்து, தன்னுடையதை நீக்கிவிட்டார். கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. பல கடைகளில் வழக்கமாக நடப்பதுதான்.

ஆனால் ஹோம் பதிப்பில் உள்ள டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற வசதி, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு முதலில் உள்நுழையும்போது தானாகவே வட்டைப் பூட்டி, மீட்புச் சாவியை அந்தக் கணக்கில் சேமித்துவிடும். 24எச்2 வெளியீட்டில் இதற்கான வன்பொருள் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டதால் முன்பைவிட அதிகமான கணினிகளில் இது நடக்கிறது. ஆகவே சாவி அந்த இளைஞரின் கணக்கில் இருந்தது. அவர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார். வாட்ஸ்அப்பில் பிடித்துக் கேட்டோம். தன் கணக்கைத் திறந்து 48 இலக்கங்களையும் அனுப்பினார். மாலை நான்கு மணிக்குக் கணினி திறந்தது.

அவர் பதில் தராமல் விட்டிருந்தால் அந்த வட்டில் இருந்தது எதுவும் மீண்டிருக்காது. இதைப் பலமுறை யோசித்துவிட்டேன். எந்த மென்பொருளும், எந்தத் தொழில்நுட்பவியலாளரும், மைக்ரோசொஃப்ட்டும்கூட அந்தச் சாவியின்றி அதைத் திறந்திருக்க முடியாது.

இரண்டாவது கேள்வி

சாவி விடயம் முடிந்ததும் உரிமையாளர் மேசையிலிருந்து ஒரு விலைமனுவை எடுத்து நீட்டினார். வேறொரு கடை கொடுத்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிகிறது, ஆகவே ஆறு கணினிக்கும் விண்டோஸ் 11 ப்ரோ போடவேண்டும், விண்டோஸைச் செயற்படுத்தும் உரிமக் குறியீடான கீ ஒன்று 4,500 ரூபா என்று இருந்தது.

“தம்பி, ஹோம் எண்டால் வீட்டுக்கு, ப்ரோ எண்டால் தொழிலுக்கு எண்டுதானே சொல்லினம்? அப்ப எல்லாத்துக்கும் ப்ரோவையே போட்டுவிடுவமோ?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். பதிப்புகளை நல்லது, அதைவிட நல்லது, மிக நல்லது என்று படிக்கட்டாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அது ஒப்பாது. ஒவ்வொரு மேசையிலும் என்ன வேலை நடக்கிறது என்று பார்க்காமல் பதிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு வாரம் தாருங்கள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆறு மேசைகளிலும் கண்டது

முதல் மேசை, வரவேற்பிடம். இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 10 ப்ரோ, ஆனால் 32 பிட். ஏன் என்று கேட்டேன். பழைய சம்பளப் பட்டியல் மென்பொருள் ஒன்று 16 பிட் காலத்தது. அது 64 பிட் விண்டோஸில் இயங்காது. அதற்காகவே யாரோ 32 பிட் போட்டிருக்கிறார்கள். இந்தக் கணினி மெதுவாக இருக்கிறது என்று சொல்லி முந்தைய ஆண்டு நினைவகத்தை 8 ஜிபி ஆக்கியிருந்தார்கள். 32 பிட் பதிப்பு 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. கொடுத்த காசில் பாதி அந்தப் பெட்டிக்குள் சும்மா இருந்தது.

இரண்டாவது, அதே தலைமுறை, விண்டோஸ் 10 ப்ரோ 64 பிட். முறையான உரிமம். ஆனால் விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் செயலிகளின் பட்டியல் இன்டெல்லில், ஒருசில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றாவது, அலுவலகத்தின் இதயம். கணக்கியல் மென்பொருளின் தரவுத்தளம் இதில்தான். உள்ளூரில் பொருத்திய கணினி, பத்தாம் தலைமுறைச் செயலி. இயங்கியது விண்டோஸ் 10 என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021. உரிம விபரத்தைத் திறந்தால், கேஎம்எஸ் என்ற தொகுதி உரிம முறையில் 180 நாளுக்கு மட்டும் செயற்படுத்தப்பட்டதாகக் காட்டியது. பெரிய நிறுவனங்கள் தங்களுடைய சொந்தச் சேர்வர் மூலம் உரிமத்தைப் புதுப்பிக்கும் முறை அது. இந்த அலுவலகத்தில் சேர்வரே இல்லை. திருட்டுக் கருவி ஒன்று சேர்வர்போல் நடித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அது வேலை செய்வதற்காக விண்டோஸோடு வரும் டிஃபென்டர் வைரஸ் பாதுகாப்பில் ஒரு கோப்புறைக்கு விலக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. வைரஸ் எதுவும் அகப்படவில்லை. ஆனால் இத்தனை வாடிக்கையாளர்களின் கணக்குகள் கிடக்கும் கணினியில், பாதுகாப்பு எட்டிப் பார்க்கக்கூடாத ஒரு அறை திறந்து கிடந்தது. இந்த ஆய்வில் என்னை மிகவும் கலங்கவைத்தது இதுதான்.

நான்கும் ஐந்தும் 2021இல் வாங்கிய மடிக்கணினிகள். விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், பதினோராம் தலைமுறை. சாவகச்சேரி, பருத்தித்துறை, கிளிநொச்சி என்று வாடிக்கையாளரிடம் போகும் இருவர் பஸ்ஸில் கொண்டு திரிபவை. வட்டு பூட்டப்படவில்லை.

ஆறாவது உரிமையாளருடையது. மேலே சொன்ன கதை.

இவை தவிர, பத்து வருடம் பழைய ஒரு வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி மூலையில் இருந்தது. கடவுச்சொல் இல்லை. அலுவலக வலையமைப்பில் இருக்கும் எவரும் திறக்கலாம். ஸ்கான் செய்த ஆவணங்கள் எல்லாம் அதில்.

பதிப்புகளின் வித்தியாசம், இந்த அலுவலகத்துக்குப் பொருந்தும் அளவில்

உரிமையாளருக்கும் அலுவலகத்தை நடத்தும் அக்காவுக்கும் ஒரு மாலை இருந்து விளக்கினேன். முதலில் ஒரு குழப்பத்தை நீக்கவேண்டியிருந்தது. 10, 11 என்பவை தலைமுறை. 24எச்2 என்பது அந்தத் தலைமுறையின் வெளியீடு. ஹோம், ப்ரோ என்பவைதான் பதிப்பு. வேகம் பதிப்பில் தங்கியில்லை. ஒரே கணினியில் ஹோமும் ப்ரோவும் ஒரே வேகத்தில்தான் ஓடும். வைரஸ் பாதுகாப்பும் மாதாந்தப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் இரண்டுக்கும் ஒன்றே. ஹோம் 128 ஜிபி நினைவகம் வரை, ப்ரோ 2 டிபி வரை ஏற்கும் என்பது உண்மை. ஆனால் 8 ஜிபி வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அந்த எண்ணிக்கையால் ஒரு பயனும் இல்லை.

வித்தியாசம் வருவது நான்கைந்து இடங்களில்தான். வேறிடத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டொப் மூலம் ஒரு கணினிக்குள் வரவேண்டுமானால், வரப்படும் கணினி ப்ரோவாக இருக்கவேண்டும். வருபவரின் கணினி ஹோமாக இருந்தாலும் போதும். ஹோமில் டிவைஸ் என்கிரிப்ஷன் மட்டுமே உண்டு. ப்ரோவில் முழுமையான வட்டுப் பூட்டான பிட்லொக்கர் இருப்பதால் மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாமலே சாவியைக் கோப்பாகவோ தாளிலோ எடுத்து வைக்கலாம், யூஎஸ்பி வட்டுகளையும் பூட்டலாம். ஹோம் கணினியால் அப்படிப் பூட்டிய யூஎஸ்பியைத் திறக்க முடியும், பூட்ட முடியாது. கணினியின் கட்டுப்பாடுகளை ஓரிடத்தில் மாற்ற உதவும் குரூப் பொலிசி திருத்தி, கணினிகளை ஒரு சேர்வரின் கட்டுப்பாட்டில் சேர்க்கும் டொமைனில் இணைதல், ஒரு கணினிக்குள் இன்னொன்றை இயக்கும் ஹைப்பர்-வி மெய்நிகர் கணினி ஆகியவை ப்ரோவில் உண்டு, ஹோமில் இல்லை. புதுப்பிப்புகளை ஹோமில் 35 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். ப்ரோவில் கொள்கை மூலம் பெரிய வெளியீடுகளை 365 நாள் வரை தள்ளலாம்.

சிங்கிள் லாங்குவேஜ் என்பது ஹோமின் ஒரு வகை. புதிய கணினியோடு மட்டும் வரும், நம் பக்கத்தில் விற்கும் மடிக்கணினிகளில் அடிக்கடி காண்பது. அதில் திரை மொழியை மாற்ற முடியாது. இதைக் கேட்டதும் அக்கா, “அப்ப அதில தமிழ் அடிக்கேலாதோ?” என்று பதறிவிட்டார். அடிக்கலாம். தமிழ் விசைப்பலகைகளும் யுனிகோட் எழுத்துருவும் எல்லாப் பதிப்பிலும் உண்டு. அவர்கள் இன்னும் விடாமல் வைத்திருக்கும் பாமினி எழுத்துருவும் எந்தப் பதிப்பிலும் வேலை செய்யும். மாறாதது பட்டியல்களும் பொத்தான்களும் தோன்றும் மொழி மட்டுமே.

எல்டிஎஸ்சி பற்றி அலுவலகத்தில் ஒருவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. இலேசாக ஓடுகிறது, புதுப்பிப்பு என்று தொந்தரவு இல்லை, எல்டிஎஸ்சி 2021க்கு 2027 சனவரி 12 வரை ஆதரவும் உண்டு, பிறகு ஏன் மாற்றவேண்டும் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மருத்துவக் கருவி, தொழிற்சாலை இயந்திரம் போன்றவற்றில் வருடக்கணக்காக மாறாமல் ஓடவேண்டிய கணினிகளுக்காக அந்தப் பதிப்பு செய்யப்பட்டது, அந்த வேலையில் அது சிறந்தது. ஆனால் அது தொகுதி உரிமத்தில் மட்டுமே கிடைக்கும். சில்லறையில் ஒரு கீ வாங்கி ஒரு சிறிய அலுவலகம் முறைப்படி அதை வைத்திருக்க வழி இல்லை. எஜுகேஷன் பதிப்பும் அப்படியே. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை மூலம் வாங்கலாமா என்றும் கேட்டார்கள். அது கல்வி நிறுவனங்களுக்கான உரிமம், அலுவலகத்துக்குப் பொருந்தாது.

எடுத்த முடிவுகள்

4,500 ரூபாக் கீயை வேண்டாம் என்று சொன்னேன். மைக்ரோசொஃப்ட் தன் ஸ்டோரில் ஹோமிலிருந்து ப்ரோவுக்கு உயர்த்த 99 டொலர் கேட்கிறது. அன்றைய மாற்று வீதத்தில் ஏறத்தாழ 30,000 ரூபா. அதை 4,500க்கு ஒருவர் தருகிறார் என்றால், அது பெரும்பாலும் எங்கோ ஒரு நிறுவனத்தின் தொகுதி உரிமத்திலிருந்து பிரித்து விற்கப்பட்டதாக இருக்கும். இன்று வேலை செய்யும், ஒருநாள் நிறுத்தப்படலாம். மற்றவர்களின் கணக்குகள் சட்டப்படி இருக்கவேண்டும் என்று பார்க்கும் அலுவலகம் தன் உரிமத்தில் இப்படி நிற்பது சரியில்லை என்று உரிமையாளரே சொன்னார். அந்த வார்த்தைக்குப் பிறகு என் வேலை சுலபமானது.

மூன்று மடிக்கணினிகளும் ஹோமாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். அவற்றுக்குத் தேவை வட்டுப் பூட்டு, அது ஹோமில் இருக்கிறது. 10இலிருந்து 11க்கு மாறும்போது பதிப்பு அப்படியே தொடரும், கட்டணம் இல்லை. ஆனால் சாவி அலுவலகத்தின் கையில் இருக்கவேண்டும். அலுவலகத்துக்கென்று ஒரு மைக்ரோசொஃப்ட் கணக்கு தொடங்கி, அதிலேயே மூன்றையும் பூட்டி, ஒவ்வொரு சாவியையும் தாளில் அச்சிட்டு, உறுதிகள் வைக்கும் இரும்புப் பெட்டியில் வைப்பது என்று தீர்மானித்தோம். உரிமையாளரின் கணினியில் பழைய பூட்டை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் பூட்டினோம். பழைய சாவி இன்னொருவர் கணக்கில் இருந்ததால் அதை அப்படியே விட முடியாது.

முதலாம், இரண்டாம் மேசைகளுக்குப் புதிய கணினி வாங்கவில்லை. எட்டாம் தலைமுறை றீகண்டிஷன் கணினிகள் இரண்டு எடுத்தோம். வெளிநாட்டு அலுவலகங்களில் இருந்து வருபவற்றில் பலவற்றுக்கு ப்ரோ உரிமம் தாய்ப்பலகையின் ஃபேர்ம்வெயாரிலேயே பதிந்திருக்கும். கடையிலேயே விண்டோஸைப் புதிதாக நிறுவி, எந்தக் கீயும் கொடுக்காமல் தானாகச் செயற்படுகிறதா என்று பார்த்த பின்பே காசு கொடுத்தோம். முதலில் காட்டிய ஒன்று செயற்படவில்லை, மாற்றித் தந்தார்கள். ப்ரோ தேவை என்று நினைப்பவர்களுக்கு இதுவே மலிவான நேர்வழி என்று நினைக்கிறேன்.

மூன்றாவது கணினிக்கு மட்டும் விண்டோஸ் 11 ப்ரோவை முழு விலையில் வாங்கினோம். அதற்கு முன்பு முறையான உரிமம் எதுவும் இல்லாததால் 99 டொலர் உயர்த்தல் பொருந்தாது. சில்லறை உரிமம் 199.99 டொலர். உரிமையாளர் கொஞ்சம் யோசித்தார். சில்லறை உரிமம் நாளை தாய்ப்பலகை பழுதானாலும் வேறு கணினிக்குக் கொண்டுபோகக்கூடியது. பங்காளி கொழும்பிலிருந்து இந்தக் கணினிக்குள்தான் வரவேண்டும் என்பதும், இதன் பிட்லொக்கர் சாவி எந்த இணையக் கணக்கோடும் கட்டுப்படக்கூடாது என்பதும் மற்றக் காரணங்கள்.

டொமைன், சேர்வர் எதுவும் வேண்டாம் என்று விட்டோம். ஆறு கணினிக்கு அது சுமை.

ஜூலை: மாற்றிய வாரமும் ஒரு தவறும்

ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டின் பெறுமதி சேர் வரி விபரத்திரட்டுகள் ஜூலை முடிவுக்குள் போகவேண்டும். ஆகவே நடு ஜூலையில் ஒரு சனி, ஞாயிறில் மாற்றத்தை வைத்தேன். தரவுத்தளத்துக்கு இரண்டு பக்கப் (காப்பு நகல்) எடுத்து, ஒன்றை வேறு கணினியில் மீட்டுப் பார்த்த பிறகே மூன்றாவது கணினியை அழித்தேன். பயோஸில் பிடிடி என்ற அமைப்பு அணைந்திருந்தது. அதை இயக்கியதும், விண்டோஸ் 11 கட்டாயமாகக் கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கிடைத்தது. ப்ரோவின் தொடக்க அமைப்பில் வேலைக்கான கணினி என்று தெரிவு செய்து, டொமைனில் இணைவதாகச் சொன்னால் உள்ளூர்க் கணக்கோடு அமைக்கலாம். அப்படியே செய்தேன். ஞாயிறு இரவு எல்லாம் சரி என்று நினைத்து வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அக்கா அழைத்தார். ப்ரோ போட்ட மூன்று கணினிகளிலும் சேமிப்புப் பெட்டி திறக்கவில்லை. ஹோம் உள்ள மடிக்கணினிகளில் திறக்கிறது. திரையில் வந்த செய்தி, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்பதாக இருந்தது. உரிமையாளர் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: “எங்கட நிறுவனத்தில ஆர் தம்பி உந்தக் கொள்கையை எழுதினது?”

எழுதியது மைக்ரோசொஃப்ட். 24எச்2 வெளியீட்டிலிருந்து ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகள் வலையமைப்புக் கோப்புப் பகிர்வில் ஒவ்வொரு இணைப்பும் இடையில் எவரும் மாற்றவில்லை என்று காட்டும் மின்னணுக் கையொப்பத்தோடு இருக்கவேண்டும் என்று இயல்பாகவே கேட்கின்றன. விருந்தினராகக் கடவுச்சொல் இன்றி நுழைவதையும் மறுக்கின்றன. கடவுச்சொல் இல்லாத இணைப்பில் கையொப்பம் இட முடியாது. ஹோம் பதிப்பில் இந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பழைய பெட்டி ஹோமுக்குத் திறந்தது, ப்ரோவுக்கு மூடியது.

இதை நான் முன்கூட்டியே சோதித்திருக்கவேண்டும். பதிப்பை உயர்த்தினால் வசதிகள் கூடும் என்று நானும் உள்ளூர நினைத்திருக்கிறேன். சில வாசல்கள் மூடப்படும் என்பதை அன்று நேரில் கண்டேன்.

இரண்டு வழி இருந்தது. ப்ரோவின் குரூப் பொலிசியில் அந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் தளர்த்துவது. அல்லது பெட்டியை விட்டு விலகுவது. தளர்த்தினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பை அன்றே கழற்றி வைப்பதாகும். வரி வேலை நெருக்கியதால் ஒரேயொரு கணினியில், வரவேற்பிடத்தில், இரண்டு நாளுக்கு மட்டும் தளர்த்தினேன். அந்த இரண்டு இரவுகளிலும் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் மூன்றாவது கணினியில் ஒரு பகிர்வுக் கோப்புறைக்கு மாற்றி, ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தேன். சாதாரண விண்டோஸ் கணினி இப்படிக் கோப்புப் பகிர 20 சாதனங்கள் வரை அனுமதி உண்டு. ஐந்து பேருக்கு அது தாராளம். புதன்கிழமை மாலை தளர்த்தியதைத் திரும்ப இறுக்கிவிட்டு, பெட்டியின் வயரைக் கழற்றினேன்.

திருவிழாக் காலம்

நல்லூர்த் திருவிழா 25 நாள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும். ஒவ்வொரு வருடமும் அந்த அலுவலகம் அந்த நாட்களில் பாதி வேகத்தில்தான் ஓடும். இந்த முறை மானிப்பாயிலிருந்து வருபவர் வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று அக்கா கேட்டார். வீட்டில் அவரிடம் இருப்பது ஹோம் மடிக்கணினி, அதிலிருந்து ரிமோட் டெஸ்க்டொப்பால் ப்ரோவுக்குள் வரத் தடையில்லை.

ரவுட்டரில் வாசல் திறந்து ரிமோட் டெஸ்க்டொப்பை நேராக இணையத்துக்கு விடுவதில்லை என்பதில் நான் உறுதியாக இருந்தேன். 2019இல் புளூகீப் என்று பெயர் பெற்ற ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் அந்த வழியால் பழைய விண்டோஸ்களுக்குள் புக வைத்தது. வயர்கார்ட் முறையிலான விபிஎன் (இணையத்தின் ஊடே மறைகுறியாக்கப்பட்ட தனிப்பாதை) ஒன்றை அமைத்து, அதற்குள் வந்த பின்பே கணினியைத் தொடமுடியும்படி செய்தேன்.

இரண்டாம் நாளே சிக்கல். வெள்ளவத்தையிலிருந்து பங்காளி மூன்றாவது கணினிக்குள் நுழைந்தார். அதன் முன் இருந்து பதிவு போட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் திரை பூட்டிக்கொண்டது. அவர் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே வர, பங்காளி வெளியே தள்ளப்பட்டார். காலை முழுதும் இருவரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள், காரணம் தெரியாமலே. ப்ரோ உட்பட எந்தச் சாதாரண விண்டோஸும் ஒரு நேரத்தில் ஒருவருக்கே திரையைத் தரும். பலர் ஒரே நேரத்தில் நுழையவேண்டுமானால் அது விண்டோஸ் சேர்வரின் வேலை. எனக்கு இது தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் கணினிக்கு முன்னால் நாள் முழுதும் ஒருவர் இருப்பார் என்பதைக் கேட்டு வைக்கவில்லை.

இரண்டாவது மேசையின் றீகண்டிஷன் கணினி ஏற்கெனவே ப்ரோ. அதில் இருப்பவர்தான் மானிப்பாயிலிருந்து வருபவர். அந்த மேசையைத் தொலைவிலிருந்து வருபவர்களுக்கு ஒதுக்கினோம். அது தரவுத்தளத்தை வலையமைப்பு வழியே மூன்றாவதிலிருந்து எடுத்துக்கொள்ளும். காலையில் மானிப்பாய், மாலை நான்குக்குப் பிறகு கொழும்பு என்று நேரம் பிரித்தார்கள். திருவிழா முடியும்வரை வேறு முறைப்பாடு வரவில்லை.

ஒக்டோபர் 14க்குப் பிறகு

அந்தத் திகதி வந்தபோது ஐந்து பேரின் வேலையும் விண்டோஸ் 11இல் இருந்தது. ஒரே ஒரு விண்டோஸ் 10 கணினி மிச்சம்: பழைய சம்பளப் பட்டியல் உள்ள 32 பிட் பெட்டி. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. எந்தப் பதிப்பும் அந்த மென்பொருளைக் காப்பாற்றாது. மைக்ரோசொஃப்ட்டின் நீட்டித்த ஆதரவு நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டொலர். தனியாட்களுக்கு மலிவான திட்டம் இருந்தாலும் இது அலுவலகக் கணினி. பழைய பதிவுகளைப் பார்க்க மட்டுமே அது தேவை என்பதால் காசு கொடுக்காமல், வலையமைப்பு வயரைக் கழற்றி மூலையில் வைத்தோம். யூஎஸ்பியும் செருகுவதில்லை.

அந்தத் திகதிக்குச் சற்று முன்பு, செப்டெம்பர் கடைசியில், ஒரு மடிக்கணினியின் தாய்ப்பலகை மாற்றப்பட்டது. திறந்ததும் அதே நீலத் திரை. அக்கா என்னை அழைக்கவில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து, உறையில் இருந்த தாளைப் பார்த்து 48 இலக்கங்களையும் தட்டி உள்ளே போய்விட்டு, பின்னேரம்தான் சொன்னார்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

பதிப்பை முடிவெடுக்க முதல், ஒவ்வொரு கணினியும் பேசும் பழைய சாதனங்களை எழுதி எடுப்பேன்: சேமிப்புப் பெட்டி, வலையமைப்பு ஸ்கானர், பழைய பிரிண்டர். ஒரு கணினியை ப்ரோவாக்கி, ஒரு முழு வேலைநாள் அலுவலகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பேன். ஞாயிறு இரவு வெறும் அலுவலகத்தில் நான் செய்த சோதனை சோதனையே அல்ல.

யார் எந்த நேரம் எந்தக் கணினி முன் இருப்பார்கள் என்று அக்காவிடம் முதலே கேட்பேன். அந்த ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. கேட்டிருந்தால் மூன்றாவது கணினிக்கு ப்ரோ வாங்கச் சொன்ன காரணங்களில் ஒன்று அப்போதே விழுந்திருக்கும். பிட்லொக்கர் சாவிக்காக அதை அப்போதும் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் உரிமையாளரிடம் அந்தக் காரணத்தை மட்டுமே சொல்லியிருப்பேன்.

புதிய கணினி வாங்கும்போது முதல் அமைப்பை வாங்குபவரே, தன் கணக்கில், கடையில் இருந்தபடியே செய்யவேண்டும் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். முடியாவிட்டால் அந்தப் பெட்டியைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவரட்டும்.

இன்னும் முடிக்காத வேலை ஒன்று இருக்கிறது. 32 பிட் பெட்டியில் உள்ள பழைய சம்பளப் பதிவுகளை அலுவலகம் வருடம் வருடமாக அச்சிட்டுக் கோப்பில் போட்டு வருகிறது. 2025 நவம்பர் 30 வருமான வரி வேலை நெருங்கியபோது அதை நிறுத்தி வைத்தார்கள். அது முடிந்ததும் தொடர்ந்து, கடைசிப் பக்கம் அச்சானதும் அந்த வட்டை என் முன்னால் அழிப்பதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார்.